எதுவும் என்றால் உப்புமா?

க்யூ.சி. மேடம் புளியை நாக்கில் வைத்துப் பார்த்த அந்த மத்தியானம் இன்னும் என்னை விட்டபாடில்லை. கையுறையைக் கழற்றி மேசைமேல் போட்டார். மூடி திறந்திருந்த நீல டிரம்முக்குள் வெறும் விரலை விட்டு, ஒரு துணுக்குப் புளியைக் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஷெட்டுக்குள் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். கண்ணை மூடிச் சப்பினார். புளி தின்கிறவர்களின் முகம் சுருங்கும் விதம் எனக்குத் தெரியும்; அது அந்தச் சுருக்கம் இல்லை. கண்ணைத் திறந்ததும் நேராக என்னைப் பார்த்து, "அக்கா, இதுல உப்பு இருக்கு" என்றார். "ஆமா மேடம், நாந்தான் போட்டேன்" என்றேன். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்வோமே, அதே குரலில் சொன்னேன். அதுதான் நான் பயப்படாமல் சொன்ன கடைசி வார்த்தை. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது.

பயப்படுவது எனக்குப் புதிதில்லை. ஏழாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை அன்றைக்கு வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தவள், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பக்கம் போகவே இல்லை. வீட்டில் வறுமை என்றோ யாரோ தடுத்தார்கள் என்றோ பொய் சொல்ல மாட்டேன். பயந்துதான் நின்றேன். இன்றைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து, காஸை மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறியதும் இது நம்ம பஸ்தானா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பேன். அலங்காநல்லூர் ரோட்டில் இருக்கும் அந்தப் புளி ஷெட்டுக்கு எத்தனையோ வருடமாகப் போய்வருகிறேன், இன்னும் கேட்கிறேன். என் அண்ணன் மனைவியும் அதே ஷெட்டில்தான் வேலை. மதினி என்றுதான் கூப்பிடுவேன். "ஏத்தா, ஒன்னோட பயத்த ஒரு டிரம்முல அடச்சு வித்தா நாம பணக்காரியாகிருவோம்டி" என்பாள்.

அந்த ஷெட்டில் முன்பெல்லாம் கீழமாசி வீதிக் கடைகளுக்குத்தான் புளி தட்டினோம். ஓடு உடைத்து வரும் பழத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுத்து, நாரை உருவி, மூட்டையாக்கி அனுப்புவது. தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு செய்கிற வேலை. நாலைந்து வருடத்துக்கு முன்னால் முதலாளி ஒருநாள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பெரிய கம்பெனி நம்மிடம் புளி வாங்கப் போகிறது என்றார். மிட்டாய் செய்கிறவர்களாம், சாஸ் செய்கிறவர்களாம், பாட்டிலில் அடைத்துக் குடிக்கிற பானம் செய்கிறவர்களாம். "இப்ப உலகம் பூரா புளிக்குத்தான் மவுசு. வெள்ளக்காரன் புளி புளின்னு அலையுறான்" என்றார். "ஏண்ணே, அம்புட்டுப் பேருக்கும் நாக்கு செத்துப் போச்சாக்கும்?" என்று கேட்டாள் மதினி. முதலாளி சிரிக்கவில்லை. அடுத்த வாரமே தரைச் சாக்கு போய் ஸ்டீல் மேசை வந்தது, தலைக்குத் தொப்பி வந்தது, கைக்கு நீல உறை வந்தது. கடைசியாகக் கம்பெனியே அனுப்பிவைத்த க்யூ.சி. மேடம் வந்தார்.

புளியின் தரத்தைப் பார்க்க வந்த அதிகாரி அவர். இருபத்து மூன்று வயது இருக்கலாம். திருநகரில் வீடு, ஸ்கூட்டியில் வருவார். உணவு சம்பந்தமாக ஏதோ படித்துப் பட்டம் வாங்கியவர். க்யூ.சி. என்பது எங்கள் வாயில் நுழையவில்லை, கூசி மேடம் ஆகிவிட்டது. புளி தின்றால் பல் கூசும் என்பதால் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. அவர் ஸ்கூட்டி வந்து நிற்கும்போதே, "ஏத்தா, கூச ஆரம்பிச்சிருச்சு, தொப்பிய மாட்டுங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவருக்கு அது தெரியும். ஒருநாள் தானே போனில், "நான்தான் சார், கூசி பேசுறேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதை நான் என் காதால் கேட்டேன். அவருக்கென்று ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்புப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் உட்கார்ந்து புளிக்கரைசலை ஒரு சொட்டு எடுத்து, ஒரு சின்னக் குழாயில் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணை வைத்துப் பார்ப்பார். ஏதோ எண் சொல்லுவார், எழுதுவார். நாங்கள் ஒவ்வொருத்தியும் பல்லிலும் நாக்கிலும் இருபது வருடமாகப் பார்த்த விஷயம். ஆனால் அவர் எண்ணும் எங்கள் நாக்கும் ஒன்றாகவே இருந்தன. புதுப்புளி என்று நாங்கள் சொன்னதை அவர் குழாயும் ஒருநாள்கூட மறுத்துச் சொன்னதில்லை. இதை அவரே எங்களிடம் சொன்னார். அன்றிலிருந்துதான் எனக்கு அவர்மேல் இருந்த பயம் கொஞ்சம் குறைந்தது.

குறைந்ததே தவிரப் போகவில்லை. காரணம், சுவரில் அவர் ஒட்டிவைத்த நோட்டீஸ். சுவரில் எது ஒட்டியிருந்தாலும் எனக்குப் பயம், எனக்குத் தெரியாமல் நான் என்ன தப்புச் செய்கிறேனோ என்று. மற்றவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் முதல்நாளே அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். நகம் வெட்ட வேண்டும். தொப்பி போட வேண்டும். எதையும் வாயில் வைக்கக் கூடாது. புளியுடன் எதுவும் சேர்க்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். எதுவும் என்றால் என்னென்ன என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிக்கக் கூடாது, எடைக்காகச் சிலர் செய்கிற வேலை அது. போன வருடத்துக் கறுத்த புளியைப் புதுப்புளிக்குள் திணிக்கக் கூடாது. கொட்டையை விடக் கூடாது. இதில் எதையும் நாங்கள் செய்ததே இல்லை என்பதால் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தேன். உப்பு அந்தப் பட்டியலில் என் நினைப்புக்கு வரவே இல்லை. எப்படி வரும்? புளியை ஜாடியில் வைக்கும்போது உப்புப் போடுவது, சோற்றை வைக்கும்போது தட்டுப் போடுவது மாதிரி. யாராவது "சோற்றோடு எதுவும் சேர்க்காதே" என்றால் தட்டையும் எடுத்துவிடுவோமா?

அந்த வருடம் சித்திரையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் தூறல். ஷெட்டின் தகரக் கூரை ஒரு பக்கம் ஒழுகியது, தரையெல்லாம் ஈரம் பூத்தது. கம்பெனிக்குப் போக வேண்டிய டிரம்கள் வரிசையாக நின்றன, லாரி வரவில்லை. புளிக்கு ஈரம் ஆகாது. வெள்ளைப் பூஞ்சை படியும், வண்டு வைக்கும். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இம்புட்டுப் புளியும் புழுத்துப் போனால் முதலாளிக்கு நட்டம், நமக்கு வேலை போகும், கூசி மேடத்துக்கும் கெட்ட பேர் என்று நினைத்து நினைத்துத் தலை வலித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஷெட்டின் பின்பக்கம் கிடந்த கல்லுப்பு மூட்டையைப் பிரித்தேன். ஒவ்வொரு டிரம்மாகத் திறந்து, புளியை அடுக்கடுக்காகப் புரட்டி, அடுக்குக்கு ஒரு கை உப்புத் தூவி, அமுக்கி மூடினேன். திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "நல்ல வேலை செஞ்ச" என்றாள் மதினி. முதலாளிகூட அந்தப் பக்கமாகப் போனார். என் கையில் உப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன்பாட்டுக்கு நடந்தார். அவர் வீட்டுப் புளியும் அப்படித்தான் இருக்கிறது. கூசி மேடம் அன்றைக்கு மழைக்காக விடுப்பு. அதற்கு முன்பே அவர் எல்லா டிரம்மையும் சோதித்துச் சரி என்று சீட்டு ஒட்டியிருந்தார்.

மழை விட்டு லாரி போன நாலாம் நாள், அதே லாரி திரும்பி வந்தது. அப்படியே, ஒரு டிரம்கூட இறக்காமல். அதற்கு முன்னால் கூசி மேடத்துக்கு போன் வந்திருந்தது. போனை வைத்ததும் அவர் செய்த காரியம்தான் நான் முதலில் சொன்னது: அனுப்பாமல் மிச்சம் வைத்திருந்த டிரம்மைத் திறந்து நாக்கில் வைத்தார். நான் போட்டேன் என்றதும், "அக்கா, சுவத்துல எழுதி ஒட்டியிருக்கேன்ல, எதுவும் சேர்க்கக் கூடாதுன்னு? நீங்க படிச்சீங்கல்ல?" என்றார்.

"படிச்சேன் மேடம். எதுவும்னா உப்புமா?"

"உப்புமாவெல்லாம் யாரும் போடல மேடம். வெறும் உப்புத்தான்" என்றாள் மதினி, அடுத்த மேசையிலிருந்து.

ஷெட்டே சிரித்தது. கூசி மேடம் சிரிக்கவில்லை. "யாராவது புளியில உப்புப் போடுவாங்களா?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டார், அதுதான் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கம்பெனி அந்த லோடை மிட்டாய்க்கு வைத்திருந்ததாம். இனிப்பும் புளிப்பும் மட்டும் இருக்க வேண்டிய மிட்டாயில் உப்புக் கரித்தால் மொத்தமும் வீண் என்றார். சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது. தப்புத்தான். அவர்கள் அடுப்புக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் என் அடுப்புக்கு வேண்டியதைச் செய்துவிட்டேன். இதை நான் அன்றும் ஒத்துக்கொண்டேன், இன்றும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மறுநாள் காரில் வந்து இறங்கிய கம்பெனியின் பர்ச்சேஸ் மானேஜர் கேட்டது வேறு. அவர் உட்காரவில்லை. ஒரு தாளை மேசைமேல் வைத்தார். முதலாளி அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூசி மேடம் ஒரு ஓரமாக, கையுறையோடு. உப்பு போட்டால் எடை கூடும், அதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள், இது கலப்படம் என்றார் மானேஜர். போட்டது யாரோ அவர் கையெழுத்துப் போட்டால் ஷெட்டுக்கு இன்னொரு வாய்ப்புத் தருவார்கள், இல்லை என்றால் இதோடு சரி. கையெழுத்துப் போட்டவரை வேலையில் வைக்கக் கூடாது. பேரும் போட்டோவும் சுற்றுவட்டாரத்து ஷெட்டுக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போகும்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, நீதான போட்ட? ஒரு கையெழுத்து. ரெண்டு மாசம் வீட்டுல இரு. அப்புறம் நானே கூப்பிட்டுக்கிறேன்" என்றார். கெட்டவர் இல்லை அவர். அவர் கண்ணிலும் பயம்தான் இருந்தது. என் பயம் எனக்குத் தெரியும் என்பதால் அடுத்தவர் பயமும் எனக்கு உடனே தெரிந்துவிடும். போட்டுவிடலாம் என்றுதான் மேசைக்குப் போனேன். உண்மை அது. பேனாவைக்கூடக் கையில் வாங்கிவிட்டேன். ஆனால் எழுதியிருப்பதைப் படிக்காமல் என்னால் போட முடியாது. அது வீம்பு இல்லை, பயம். சுவரில் இருந்தாலும் மேசையில் இருந்தாலும் எழுத்தைக் கண்டால் படித்தாக வேண்டும். எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். எனக்கு மனதுக்குள் படிக்க வராது.

"எடை... கூட்டும்... நோக்கத்தோடு..."

"சும்மா போடும்மா. நேரமாகுது" என்றார் மானேஜர்.

"வாரேன் சார், வாரேன். உப்பு... கலந்து... கல... கலப்... கலப்படம்... செய்தேன்."

அந்த வார்த்தையை நான் என் வாயாலேயே சத்தமாகச் சொல்லிவிட்டேன். கலப்படம். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவனுக்குச் சொல்கிற வார்த்தை. மிளகில் பப்பாளி விதை கலக்கிறவனுக்குச் சொல்கிற வார்த்தை. அது என் பேருக்குப் பக்கத்தில் இருந்தது. பேனாவை மேசைமேல் வைத்தேன்.

"உப்புன்னு எழுதுங்க சார், போடுறேன். இந்த வார்த்தைக்குப் போட மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணில்ல சார்."

"எடைக்குப் போடாம வேற எதுக்குப் புளியில உப்பக் கொட்டுவாங்க?"

"புழு வைக்காம இருக்கப் போட்டேன். எங்க வீட்டுல போடுவோம். ஒங்க வீட்டுலயும் போடுவாக."

"எங்க வீட்டுல அப்படிப் பழக்கமெல்லாம் இல்ல." கூசி மேடத்தைப் பார்த்து, "என்ன மேடம், உங்க வீட்டுல உண்டா?" என்றார். அவர் தலையசைத்து இல்லை என்று சொல்லப் போனது எனக்குத் தெரிந்தது. அந்த நிமிடம் எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று எனக்குத் தெரியாது. பயம் ஒரு எல்லைக்கு மேல் போனால் அதுவே தைரியம் மாதிரி வேலை செய்யும் போலிருக்கிறது. "மேடம், ஒங்களுக்குத் தெரியாது. ஒங்கம்மாவக் கேளுங்க" என்றேன்.

கூசி மேடம் போனை எடுத்தார். கையுறையோடு காதில் வைக்க முடியாது என்பதால் மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினார். மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடித்தது, எடுத்தார்கள்.

"என்னடி இந்த நேரத்துல? சாப்ட்டியா இல்லையா?"

"ம்மா, நம்ம வீட்டுப் புளியில உப்புப் போடுவியா?"

"போடாம?" என்றது அந்தக் குரல். "போன வருசம் நீதான ஜாடிய எறக்கிக் கொடுத்த? ஒன் கண்ணு முன்னாடிதான உப்பு தூவினேன்? அப்பவும் போனத்தான் பாத்துக்கிட்டு இருந்திருப்ப. கூறு கெட்டவளே, இம்புட்டு நாளா அதத்தான ஊத்தி ஊத்தித் தின்ன. ஏன், எங்கேயாச்சும் உப்பில்லாத புளிய வாங்கித் தொலச்சிட்டியா? வாங்காத. வண்டு வச்சிரும்."

மதினி முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் அடங்கவில்லை. ஒருத்தி சிரித்ததும் மொத்த ஷெட்டும் வெடித்தது.

"யாருடி அங்க சிரிக்கிறது?"

"அப்புறம் பேசுறேம்மா" என்று கூசி மேடம் போனை வைத்தார். அவர் காது சிவந்திருந்தது. கையுறையைக் கழற்றினார். மானேஜரின் தாளை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுத் தன் தடுப்புக்குள்ளிருந்து வேறொரு தாளை எடுத்துவந்து, நின்றபடியே எழுதினார். எழுதியதைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "படிங்கக்கா" என்றார். அதையும் எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். மழையால் புளி கெட்டுவிடாமல் இருக்க, வீட்டு வழக்கப்படி உப்பு இடப்பட்டது. எதுவும் என்ற சொல்லில் உப்பும் அடங்கும் என்பதை அறிவிப்பில் நான் தெளிவாக எழுதவில்லை. கீழே அவர் கையெழுத்து. அந்த 'நான்' என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தேன். மானேஜர் குரலைத் தாழ்த்தி, "மேடம், இது உங்க வேலைக்கு நல்லதில்ல, யோசிச்சுக்கங்க" என்றார். "நோட்டீஸ் எழுதினது நாந்தான சார்?" என்றார் கூசி மேடம். பேனாவை வாங்கி அவர் கையெழுத்துக்குக் கீழே என் பெயரைப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் போட்டேன்.

திரும்பி வந்த புளி வீணாகவில்லை. முதலாளி அதைக் கீழமாசி வீதிக்கு அனுப்பினார், இரண்டே நாளில் போய்விட்டது. உப்புப் போட்ட நல்ல புளி என்று சொல்லிச் சொல்லி வாங்கினார்களாம். அப்போதும் முதலாளி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வா என்றும் போ என்றும் சொல்லாமல் விட்டார். நானும் போய்க்கொண்டே இருந்தேன். கம்பெனி அந்த சீசனோடு எங்களிடம் வாங்குவதைக் குறைத்தது. கூசி மேடத்தை வேறு எங்கோ மாற்றினார்கள். அந்தத் தாள்தான் காரணமா என்று நான் கேட்டேன். "அதெல்லாம் இல்லக்கா, நல்ல எடமாத்தான் கெடச்சிருக்கு" என்று சொன்னார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொள்வேன். ஒரு பெண்ணின் வேலை நம்மால் கெட்டுவிட்டதோ என்று. ஆனால் அதற்காக அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமா என்று என்னை நானே கேட்டால், இல்லை என்றுதான் வருகிறது. எத்தனை தடவை கேட்டாலும் இல்லைதான். நான் எதற்கும் இத்தனை உறுதியாகப் பதில் வைத்திருப்பவள் இல்லை. காஸை மூடியதைக்கூட உறுதியாகச் சொல்லத் தெரியாதவள்.

போவதற்கு முன் அவர் சுவர் நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினார். அதில் உப்பு உட்பட எதுவும் என்று இருந்தது. போன வருடம் ஒருநாள் அவரிடமிருந்து போன் வந்தது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வைத்திருக்கிறாராம். "அக்கா, புதுப்புளி வாங்கியிருக்கேன். அம்மாகிட்டக் கேட்டா திட்டுறாங்க. உப்பு எம்புட்டுப் போடணும்?" என்று கேட்டார். "எதுவும் சேர்க்கக் கூடாது மேடம்" என்றேன். அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அளவு சொன்னேன். கண் அளவுதான். குழாய் வைத்துப் பார்க்கிற அளவு என்னிடம் இல்லை.

இப்போது புளிக்கு அந்த மவுசு இன்னும் ஏறித்தான் இருக்கிறது. இந்த வருடம் வந்திருக்கிற புதுக் கம்பெனிக்காரர்கள் பாட்டிலில் சாஸ் போடுகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியதே உப்புப் போட்ட புளிதான். வீட்டு முறையில் வேண்டுமாம், கையால் தூவ வேண்டுமாம். முதலாளி இதைச் சொன்னபோது மதினி என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. போன வாரம் அவர்கள் விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஒரு தம்பியை அனுப்பினார்கள். கண்ணாடி வளையல் போட்டுவரச் சொல்லி, ஒரு மண்சட்டியில் புளியை வைத்து, பக்கத்தில் கல்லுப்பைக் குவித்து, விளக்கெல்லாம் போட்டு, "அக்கா, அப்படியே கை மட்டும் வரட்டும், மெதுவாத் தூவுங்க" என்றார்.

"கை மட்டுமா? யார் கைன்னு எப்படித் தெரியும்?"

"அது தெரிய வேணாம்க்கா. பாரம்பரியக் கை, அம்புட்டுத்தான்."

"பேரு போடுவீங்களா?"

"பேருக்கெல்லாம் எடமில்லக்கா. அஞ்சு செகண்ட் வீடியோ."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஒருத்தர் என் பேர் மட்டும் வேண்டும் என்று வந்தார். இன்றைக்கு இவருக்குக் கை மட்டும் போதுமாம். இரண்டும் ஒரே ஆளுடையது என்று எத்தனை தடவைதான் சொல்வது. "எங்க நாத்தனா வீம்புக்காரி தம்பி. இதுக்கே ஒரு மானேஜர் காரெடுத்துட்டு ஓடியிருக்காரு, நீங்க என்ன ஸ்கூட்டர்தான்" என்றாள் மதினி. அந்தத் தம்பி வெளியே போய் யார் யாரிடமோ போனில் பேசினார். இதனால் ஷெட்டுக்கு ஆர்டர் போய்விடுமோ, முதலாளி திட்டுவாரோ, பேசாமல் தூவியிருக்கலாமோ என்று ஆயிரம் ஓடியது. ஆனாலும் கையை மடியை விட்டு எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, கீழே சின்னதாகப் போடுகிறோம் என்றார். ஒரு நோட்டை எடுத்து, சொல்லுங்கக்கா என்று என் பேரைக் கேட்டு எழுதினார். அந்த நோட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. போடச் சொன்னேன். போட்டார். பிறகுதான் உப்பில் கை வைத்தேன்.